காய்ச்சல் விட்ட பிறகு

பல ஆண்டுகளுக்கு முன் எனக்கு மலேரியா வந்தது. அது வந்த கதையை விட, போய்விட்டுத் திரும்பி வந்த கதைதான் சொல்லத் தக்கது. முதல் முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் குறித்த வேளைக்கு வந்தது போல் வந்த நடுக்கத்தையும், அதைத் தொடர்ந்த கொதிக்கும் காய்ச்சலையும், படுக்கை நனைய வழிந்த வியர்வையையும் கேட்டறிந்த மருத்துவர் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். கண்ணாடித் தகட்டில் தடவிய ஒரு துளி ரத்தத்தில் பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் என்ற ஒட்டுண்ணி தென்பட்டது. 3 நாளைக்குக் குளோரோகுயின், 14 நாளைக்குப் பிரைமாகுயின் என்று எழுதிக் கொடுத்தார். குளோரோகுயின் முடிந்ததுமே காய்ச்சல் விட்டது, பசி எடுத்தது, வேலைக்குத் திரும்பினேன். பிரைமாகுயினை 5 நாள் விழுங்கிவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறோம் என்ற எண்ணத்தில் மீதியை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து அதே நடுக்கம் அதே முறையோடு வந்தபோது, மருந்தை முழுவதும் சாப்பிட்டீர்களா என்று மருத்துவர் கேட்கவில்லை. "எத்தனை மாத்திரை மீதி இருக்கிறது?" என்றுதான் கேட்டார்.

மீதி 9 இருந்தது. அந்த ஒன்பது மாத்திரைகளைப் பற்றிப் பின்னாளில் படித்தபோதுதான், நான் செய்த அதே தவற்றை நாடுகளும், உலக அமைப்புகளும், நன்கொடை தரும் அரசுகளும் மிகப் பெரிய அளவில் செய்திருக்கின்றன என்பது புரிந்தது. மலேரியாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதை ஒடுக்கிய கதையை எழுதுகிறார்கள். எனக்கு அது ஒடுங்கியிருக்கும் காலத்தைப் பற்றித்தான் எழுதத் தோன்றுகிறது, ஏனெனில் இந்த நோயின் வரலாற்றில் மிக ஆபத்தான காலம் அதுதான்.

முதலில் ஒட்டுண்ணியின் நடத்தையைச் சொல்லிவிட வேண்டும். நோய்த்தொற்றுள்ள பெண் அனோபிளிஸ் கொசு கடிக்கும்போது அதன் உமிழ்நீரோடு உள்ளே வரும் கிருமிகள் சிறிது நேரத்திலேயே கல்லீரலை அடைந்து, அங்கே ஓசையின்றிப் பெருகி, ஆயிரக்கணக்கில் வெளியேறி ரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுகின்றன. சிவப்பணுக்கள் ஒரே நேரத்தில் வெடிக்கும்போதுதான் நடுக்கமும் காய்ச்சலும் வருகின்றன. வைவாக்ஸில் இது சுமார் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை நடப்பதால்தான் பழைய தமிழில் இதற்கு முறைக்காய்ச்சல் என்ற பெயரே உண்டு. வைவாக்ஸ் கிருமிகளில் ஒரு பகுதி மட்டும் கல்லீரலிலேயே உறங்கிவிடுகிறது. வாரங்களோ மாதங்களோ கழித்து, புதிய கொசுக்கடி ஏதும் இல்லாமலே, அவை விழித்துக்கொள்கின்றன. ரத்தத்தில் இருப்பதைக் குளோரோகுயின் அழிக்கும். உறங்குவதை அது தொடாது. அதற்குத்தான் பிரைமாகுயின், அதுவும் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் சிதையும் ஆபத்து இருப்பதால் சோதித்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டிய மருந்து. நலமாக உணரும் ஒருவரை மேலும் பல நாள் மருந்து விழுங்க வைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு நானே சாட்சி.

வைவாக்ஸ் என்னைத் துன்புறுத்தியதே தவிர, கொல்லும் அளவுக்குப் போகவில்லை. உலகில் மலேரியாவால் நேரும் சாவுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பிளாஸ்மோடியம் பால்சிபாரம் என்ற மற்றோர் இனமே காரணம். அது புகுந்த சிவப்பணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்வதால் மூளைக்குப் போகும் ரத்தமே தடைபடக்கூடும்; காலையில் காய்ச்சலோடு எழுந்த குழந்தை மறுநாளே நினைவிழந்து கிடப்பது இதனால்தான்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-ஆம் ஆண்டில் 26.3 கோடி மலேரியா நோய்நிகழ்வுகள் ஏற்பட்டன; 5.97 லட்சம் பேர் இறந்தார்கள். நாளொன்றுக்கு 1,600-க்கும் மேல். (26.3 கோடிப் பேர் என்று இதைப் படித்துவிடக் கூடாது. ஒரே குழந்தைக்கு ஒரே மழைக்காலத்தில் மூன்று முறை வரும் இடங்கள் இருக்கின்றன, ஒவ்வொரு முறையும் கணக்கில் சேரும்.) இந்தச் சாவுகளில் 95 விழுக்காடு ஆப்பிரிக்க வட்டாரத்தில் நிகழ்ந்தது. அவற்றுள் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ 4.3 லட்சம், ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். நைஜீரியா ஒரு நாட்டில் மட்டும் உலகச் சாவுகளில் பத்தில் மூன்று பங்கு. எண்கள் இப்படி ஓரிடத்தில் குவிந்திருப்பதால்தான் மற்ற இடங்களில் வாழ்பவர்களுக்கு இது முடிந்துபோன நோயாகத் தோன்றுகிறது.

குழந்தைகளே ஏன் அதிகம் இறக்கிறார்கள் என்ற கேள்விக்கான விடையில்தான் இந்த நோயின் மிகச் சிக்கலான முடிச்சு இருக்கிறது. மலேரியாவுக்கு எதிரான எதிர்ப்புத்திறன் அம்மைக்கு வருவது போல ஒரே முறையில் வாழ்நாளுக்கும் வந்துவிடுவதில்லை. நோய் ஓயாமல் பரவும் இடத்தில் பிறந்த குழந்தை, தாயிடமிருந்து பெற்ற பாதுகாப்பு தீர்ந்த பிறகு, திரும்பத் திரும்பத் தொற்றுக்கு ஆளாகி, பிழைத்துவந்தால் பள்ளி செல்லும் வயதுவாக்கில் ஓரளவு எதிர்ப்புத்திறனைப் பெறுகிறது. வளர்ந்த பின் அதே ஒட்டுண்ணியை ரத்தத்தில் சுமந்துகொண்டே அறிகுறி ஏதும் இல்லாமல் நடமாட முடியும். அந்த ரத்தத்தைக் குடிக்கும் கொசு மட்டும் நோயை எடுத்துச் செல்லும். இந்த அரைகுறைப் பாதுகாப்பும் தொடர்ந்து கொசுக்கடி பட்டுக்கொண்டிருந்தால்தான் நிலைக்கும். பல ஆண்டுகள் நோயில்லாமல் இருந்தால் அது தேய்ந்துவிடுகிறது. ஆகவே ஓர் ஊரில் மலேரியாவை வெற்றிகரமாகக் குறைத்தவர்கள், அந்த ஊர் மக்களின் பழைய கவசத்தையும் கழற்றிவிடுகிறார்கள். அதன்பின் தடுப்பு வேலை நின்றால், நோய் குழந்தைகளோடு பெரியவர்களையும் சேர்த்தே வீழ்த்தும்.

இதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க இலங்கையை விடப் பொருத்தமான இடம் இல்லை. அந்தத் தீவின் ஈர வலயம் எனப்படும் தென்மேற்குப் பகுதியில், ஓடும் ஆற்றில் கொசு முட்டையிட்டுப் பெருக முடியாததால், வழக்கமாக மலேரியா குறைவு. அங்கிருந்தவர்களுக்கு எதிர்ப்புத்திறனும் குறைவு. 1934-இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுரு ஓயா போன்ற ஆறுகள் வற்றித் தேங்கிய குட்டைகளாயின. அந்த நாட்டில் நோயைப் பரப்பும் அனோபிளிஸ் குலிசிபேசிஸ் கொசுவுக்குப் பிடித்தமானவை ஆற்றுப் படுகையில் வெயில் படக் கிடக்கும் இப்படிப்பட்ட குட்டைகள்தான். 1934-35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். வெள்ளத்தால் வரும் நோய் என்று நாம் நினைப்பது அங்கே வறட்சியால் வந்தது.

1940-களின் நடுவில் டிடிடி என்ற பூச்சிகொல்லி அங்கே போய்ச் சேர்ந்தது. பால் முல்லர் என்ற சுவிஸ் வேதியியலாளர் 1939-இல் அதன் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்து, பின்னர் 1948-இல் நோபல் பரிசு பெற்றார். வீட்டுச் சுவர்களின் உட்புறத்தில் டிடிடி அடித்தால், கடித்த பின் சுவரில் உட்காரும் கொசு இறந்துவிடும். நோயாளியிடமிருந்து எடுத்த ஒட்டுண்ணி கொசுவின் உடலில் முதிர ஒன்றிரண்டு வாரம் தேவைப்படுவதால், கொசுவின் ஆயுளைக் குறைத்தாலே பரவல் அறுந்துவிடும். இந்த எளிய கணக்கை நம்பித்தான் உலகச் சுகாதார நிறுவனம் 1955-இல் உலகளாவிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி அதில் சேர்க்கப்படவே இல்லை. நோய் மிகுந்த இடத்தை விட்டுவிட்டு உலகம் முழுவதும் ஒழிப்பது என்று பெயர் வைத்ததை இன்று படித்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இலங்கையில் அந்தத் திட்டம் நன்றாகவே வேலை செய்தது. 1963-இல் நாடு முழுவதும் பதிவானவை 17 நோய்நிகழ்வுகள் மட்டும். அடுத்த ஆண்டே மருந்தடிப்பதைக் கைவிட்டார்கள். காய்ச்சல்காரர்களைத் தேடிப்போய் ரத்தம் எடுக்கும் வேலை தளர்ந்தது. பின்னர் மழை குறைந்த ஆண்டுகள் வந்தன, ஆறுகள் மறுபடியும் குட்டைகளாயின, ரத்தினக் கல் தேடித் தோண்டிய குழிகளில் நீர் தேங்கியது, வேலை தேடி மக்கள் இடம் மாறினார்கள். 1968-69-இல் நோய்நிகழ்வுகள் 5 லட்சத்தைத் தாண்டின. பதினேழிலிருந்து ஐந்து லட்சம், ஆறே ஆண்டுகளில்.

டிடிடியைத் தடை செய்ததால்தான் மலேரியா திரும்பியது என்று இன்றும் இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். ஆண்டுகளைப் பார்த்தாலே இந்த வாதம் நிற்காது: அமெரிக்கா அதைத் தடை செய்தது 1972-இல், இலங்கையில் நோய் பொங்கிய பிறகு. அந்தத் தடையும் அந்நாட்டுப் பயன்பாட்டுக்குத்தான். நோய்க் கொசுவுக்கு எதிராக அதைப் பயன்படுத்த, எளிதில் அழியாத நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இன்றும் இடம் தருகிறது. டிடிடிக்கு மசியாத கொசுக்கள் பெருகியதுதான் மெய்யான சிக்கல். இலங்கை 1970-களில் மாலத்தியான் என்ற வேறொரு பூச்சிகொல்லிக்கு மாறியதற்கும் அதுவே காரணம்.

இந்தியாவின் கதையும் ஏறத்தாழ இதே வடிவம்தான். விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுக்கு 7.5 கோடி நோயாளிகளும் 8 லட்சம் சாவுகளும் என்று மதிப்பிடப்பட்டிருந்த நாட்டில், 1965 வாக்கில் நோய்நிகழ்வுகள் ஒரு லட்சம் என்ற அளவுக்கு இறங்கின. 1976-இல் 64 லட்சத்துக்கு மேல் ஏறின. உலக ஒழிப்புத் திட்டமோ 1969-இல் கைவிடப்பட்டது. 1930-கள் தொடங்கி உலகெங்கும் மலேரியா மீண்டெழுந்த நிகழ்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, 61 நாடுகளில் 75 மீள்எழுச்சிகளைக் கண்டறிந்தது. அவற்றுள் 68 நிகழ்வுகளில், தடுப்புப் பணி தளர்ந்தது ஒரு காரணமாகவேனும் இருந்தது. பூச்சிகொல்லிக்கு மசியாத கொசு, மருந்துக்கு மசியாத கிருமி, போர், வானிலை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனாலும் இழுப்பறையில் கிடந்த மாத்திரைகளைப் போல, தொடங்கிய வேலையை நிறுத்தியதுதான் மிகப் பெரும்பாலான இடங்களில் வழி திறந்துவிட்டது.

2000-க்குப் பிறகு உலகம் மீண்டும் கவனித்தது. 2002-இல் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியம் தொடங்கப்பட்டது. பூச்சிகொல்லி ஏற்றிய கொசுவலைகள் கோடிக்கணக்கில் வழங்கப்பட்டன. ஆர்ட்டிமிசினின் சேர்ந்த கூட்டு மருந்துகள் பரவின. ஆர்ட்டிமிசினின் கதை தனியே எழுதத் தக்கது. 1967-இல் சீனா மறைவாகத் தொடங்கிய மருந்துத் தேடலில் பணியாற்றிய து யூயூ, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹோங் என்ற மருத்துவரின் குறிப்பில், ஆர்ட்டிமிசினின் கிடைக்கும் மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி எழுதியிருந்ததைக் கவனித்தார். காய்ச்சச் சொல்லவில்லையே என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் சாற்றைப் பிரித்தெடுத்தார். 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

2000-க்கும் 2015-க்கும் இடையில் ஆப்பிரிக்காவில் 66 கோடிக்கும் மேற்பட்ட நோய்நிகழ்வுகள் தவிர்க்கப்பட்டதாகவும், அதில் 68 விழுக்காடு கொசுவலையால் வந்த பயன் என்றும் ஒரு விரிவான கணக்கீடு சொல்கிறது. அனோபிளிஸ் பெரும்பாலும் இரவில், மனிதர் உறங்கும்போது கடிப்பதால் வலை இத்தனை வலுவான கருவியாயிற்று. ஆண்டுச் சாவுகள் 8 லட்சத்துக்கு மேலிருந்து 6 லட்சத்துக்குக் கீழே இறங்கின. 2015-க்குப் பிறகு அந்த இறக்கம் ஏறத்தாழ நின்றுவிட்டது. 2020-இல் கொரோனாவோடு எண்கள் மறுபடி ஏறின.

ஏன் நின்றது என்பதற்குக் கருவிகளின் இயல்பிலேயே ஒரு விடை இருக்கிறது. எதுவும் ஒரு முறை கொடுத்து முடிக்கும் வகையைச் சேர்ந்ததில்லை. கொசுவலை மூன்று ஆண்டில் கிழியும், அதன் மருந்தும் தேயும். சகாராவின் தெற்கு விளிம்பிலுள்ள சகேல் பகுதியில் குழந்தைகளுக்கு மழைக்காலத்தில் தரும் தடுப்பு மாத்திரையை மாதந்தோறும் வீடு வீடாகப் போய்க் கொடுத்தாக வேண்டும். 2021-இல் பரிந்துரைக்கப்பட்ட ஆர்டிஎஸ்,எஸ், 2023-இல் பரிந்துரைக்கப்பட்ட ஆர்21 ஆகிய தடுப்பூசிகள் பல பத்தாண்டு உழைப்பின் பயன். கானா, கென்யா, மலாவி நாடுகளில் 2019 முதல் ஆர்டிஎஸ்,எஸ் கொடுத்துப் பார்த்ததில், ஊசி பெறும் வயதிலிருந்த குழந்தைகளின் மொத்தச் சாவே 13 விழுக்காடு குறைந்தது. அதுவும் நான்கு தவணை. பாதுகாப்பு காலப்போக்கில் தேயும். தடுப்பூசி வந்துவிட்டதால் மலேரியா முடிந்தது என்று யாரேனும் சொன்னால், அவர்களிடம் வலைகளை நிறுத்திவிடலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

மறுபுறம் எதிரியும் சும்மா இல்லை. வலையில் பூசும் பைரித்ராய்டு வகைப் பூச்சிகொல்லிக்குப் பல நாட்டுக் கொசுக்கள் மசியாததால், குளோர்பெனாபிர் என்ற இரண்டாம் மருந்தும் சேர்த்த வலைகள் 2023-இல் பரிந்துரைக்கப்பட்டன. ஆர்ட்டிமிசினினுக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும் கிருமி முதலில் கம்போடியாவில் காணப்பட்டது. இப்போது ருவாண்டா, உகாண்டா, தான்சானியா, எரித்ரியா நாடுகளிலும் உறுதிப்பட்டிருக்கிறது. விரைவுச் சோதனை அட்டை தேடும் புரதத்தின் மரபணுவையே இழந்துவிட்ட கிருமிகள் எரித்ரியாவிலும் பெருவிலும் காணப்பட்டன. நோய் இருந்தாலும், இல்லை என்றே அட்டை காட்டும். அனோபிளிஸ் ஸ்டீபென்சி என்ற தெற்காசியக் கொசு 2012-இல் கிழக்கு ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் கண்டறியப்பட்டு, எத்தியோப்பியா, சூடான் என்று பரவியிருக்கிறது. ஆப்பிரிக்கக் கொசுக்களைப் போல் மழைக்குட்டையை நம்பியிராமல், நகரத்துத் தொட்டியிலும் பீப்பாயிலும் அது வளரும்.

இந்த நிலையில், 2023-இல் மலேரியாவுக்குத் தேவை என்று கணக்கிட்ட 830 கோடி டாலரில் கிடைத்தது சுமார் 400 கோடி. 2025-இன் தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்திவைத்தபோது, வலையும் மருந்தும் சோதனை அட்டையும் போய்ச் சேர வேண்டிய பல நாடுகளில் பணி தடைப்பட்டது. நோய் குறைந்த நாட்டின் நிதியமைச்சரிடம், இல்லாத நோய்க்குப் பணம் கேட்பது கடினம். கொடையாளி நாட்டின் வாக்காளரிடம் கேட்பது அதைவிடக் கடினம். நடக்காத சாவுக்குப் படம் எடுக்க முடியாதல்லவா?

முடித்தவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1940-களில் ஆண்டுக்கு 3 கோடி நோய்நிகழ்வுகள் கண்ட சீனா 2021-இல் மலேரியா இல்லாத நாடாகச் சான்று பெற்றது. ஒரு நோயாளியைக் கண்டால் 1 நாளுக்குள் அறிவிப்பு, 3 நாளுக்குள் நோய் எங்கிருந்து வந்தது என்ற விசாரணை, 7 நாளுக்குள் அவ்விடத்தில் தடுப்பு நடவடிக்கை என்பது அவர்களுடைய விதி. நோயாளிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது இப்படி ஒவ்வொருவரையும் பின்தொடர முடியாது. குறைந்த பிறகுதான் இந்த வேலையே தொடங்குகிறது. எகிப்து 2024 அக்டோபரில் சான்று பெற்றது. 2014-இல் அஸ்வானில் ஒரு சிறு பரவல் ஏற்பட்டபோது உடனே கண்டறிந்து அடக்கியதும் அதற்குத் துணை நின்றது.

இலங்கையும் அந்த வரிசையில் இருக்கிறது. 1999-இல் 2.6 லட்சத்துக்கும் மேற்பட்ட நோய்நிகழ்வுகள் பதிவான நாட்டில், போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே வடக்கிலும் கிழக்கிலும் தடுப்புப் பணி அறுந்துபோகாமல் நடந்தது. நோய் மிகுந்த பகுதிகளுக்கு நடமாடும் மருத்துவ முகாம்கள் சென்றன. 2011-இல் எண்ணிக்கை இருநூறுக்கும் கீழே வந்தது. உள்நாட்டிலேயே தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. இந்த முறை, 1964-இல் செய்ததைப் போல அவர்கள் கருவிகளை மூட்டை கட்டவில்லை. சான்று கிடைத்த அதே ஆண்டில், மன்னார்த் தீவில், அதுவரை அந்நாட்டில் இல்லாத ஸ்டீபென்சி கொசுவைக் களப் பணியாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2018 டிசம்பரில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு தொழிலாளியிடமிருந்து உள்ளூர்க் கொசு வழியாக ஒருவருக்கு நோய் தொற்றியது. அதுவும் கண்டுபிடிக்கப்பட்டது, சுற்றியிருந்தவர்களின் ரத்தம் சோதிக்கப்பட்டது, பரவல் அங்கேயே நின்றது.

என் இரண்டாம் காய்ச்சலுக்கு மருத்துவர் பழையபடி முதலிலிருந்து 14 நாள் மருந்து எழுதினார். ஆறாம் நாளுக்குப் பிறகு விழுங்கிய ஒவ்வொரு மாத்திரையும் எனக்கு எந்த வேற்றுமையையும் காட்டவில்லை. காய்ச்சல் முன்பே விட்டிருந்தது. நாள்காட்டியில் கோடு கிழித்துக்கொண்டே விழுங்கினேன்.